மூன்று என்று எழுதிய கை

சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி, "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். ஒருத்தனோடு சண்டை போட என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சும்மா, சுத்திப் பாக்க" என்று சொல்லி வைத்தேன். அவர் என் கைப்பையையே பார்த்தார். உள்ளே நகை இருப்பது மாதிரி நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். இருந்தது வெறும் காகிதம். ஒரு விமானம் தரையிறங்கிய கடைசி நாற்பது வினாடிகள், கோடு கோடாக.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் விசாரணை. வியாழன் மாலை நான் திரும்பிப் போயாக வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பினாங்குக்காரி, பொறியாளர், பெயர் புஷ்பா. ஒரு குளிர் தேசத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் விமானச் சோதனை படிக்கிறேன். புதிதாகச் செய்த விமானத்தையும் மாற்றிக் கட்டிய விமானத்தையும் முதலில் ஓட்டிப் பார்த்து, இது ஊர் உலகத்துக்கு லாயக்கா என்று சொல்கிறவர்களைப் பழக்குகிற பள்ளி அது. முன்னால் ஒரு விமானி, பின்னால் ஒரு பொறியாளர், இரண்டு பேரும் ஒரு ஜோடி. என் ஜோடி ஸ்ரீதர். மயிலாப்பூர்க்காரன், பல வருஷம் ராணுவத்தில் ஓட்டியவன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு பயிற்சி விமானத்தின் வாலில் எடை கூட்டிச் சோதித்தோம். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் தள்ளி இறங்கி வர வேண்டும். கடைசி நேரத்தில் நேராக்கி, குறித்த இடத்தில் தரை தொட வேண்டும். ஸ்ரீதர் பூ வைப்பது மாதிரி இறக்கினான். அவன் கொடுத்த எண் மூன்று. எங்கள் அளவுகோலில் ஒன்று என்றால் தங்கமான விமானம், பத்து என்றால் கைமீறிப் போகிற விமானம். மூன்று என்றால் நல்லது, அடுத்த ஜோடி தைரியமாக ஏறலாம்.

அடுத்த ஜோடியில் விமானி பாயு, இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்தவன். இரண்டு நாள் கழித்து அதே விமானம், அதே எடை, அதே இறக்கம். தரைக்குச் சற்று மேலே மூக்கு எழும்பியது, தாழ்ந்தது, திரும்ப எழும்பியது. மூன்றாவது ஆட்டத்தில் சக்கரம் முறிந்து விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போனது. பாயுவுக்குத் தொடை எலும்பு போய்விட்டது. ஸ்ரீதர் மூன்று கொடுத்த விமானம் என்றால் தப்பு பாயுவின் கையில்தான் என்று விசாரணைக் குழு எழுதப் போகிறது. அப்படி எழுதிவிட்டால் அவன் இனி விமானியே இல்லை. ஸ்ரீதரோ விபத்துக்கு மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். ஃபோனை எடுப்பதில்லை.

அந்த நாற்பது வினாடியும் ஸ்ரீதரின் கை ஒரு நொடிகூடச் சும்மா இல்லை என்பதைத்தான் என் பையில் இருந்த, விமானத்தின் கருவி வரைந்த கோடுகள் சொல்லின. ஆனால் எண் கொடுத்த விமானியே அதை வாயால் சொன்னால்தான் குழு ஏற்கும். சொல்ல வைக்க வந்திருந்தேன்.

மயிலாப்பூரில் லஸ் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் தேசிங்கு, ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் துண்டு, வண்டி முழுக்கத் தைல வாசனை. "இன்னா மேடம், ஃபாரினா? தமிழ் நல்லாத்தான் பேசுற," என்றார். பினாங்கில் மூன்று தலைமுறையாகத் தமிழ்தான் பேசுகிறோம் என்றேன். "அப்ப நம்ம ஊர் பொண்ணுதான்," என்று முடித்துவிட்டார்.

எனக்கு ஒரு பழக்க தோஷம் உண்டு. எங்கள் படிப்பின் முதல் வாரத்தில் விமானத்தின் கிட்டேயே விட மாட்டார்கள். கடையில் தள்ளுகிற வண்டி, பழைய லாரி, பிடி மாற்றி வைத்த சைக்கிள் என்று கொடுத்து அறிக்கை எழுதச் சொல்வார்கள். 'நன்றாக இருக்கிறது', 'மோசம்' என்று எழுதினால் கிழித்துப் போடுவார்கள். எந்தக் கை, எவ்வளவு பலம், எத்தனை தரம் என்று எழுத வேண்டும். ஒரு காய்கறித் தள்ளுவண்டியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியவள் நான். அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் ஓட்டுகிறவரின் கையைத்தான் பார்ப்பேன். தேசிங்குவின் வலது தோள் இடது தோளைவிட ஏறி நின்றது. பார்த்தேன். கேட்கவில்லை.

"மின்ன சிந்தாதிரிப்பேட்டைல, கூவம் ஓரமா இருந்தோம். இப்ப ஊருக்கு அந்தாண்ட தூக்கிப் போட்டுட்டானுங்கோ," என்று சொல்லிக்கொண்டே வந்தார். "தெனம் ஒன்ற மணி நேரம் வண்டிய இட்டுக்கினு வரேன். ஆனா வண்டி பட்டு மாரி கீது மேடம். நாலு வருசமா இது மேல வேற ஒருத்தன் கைய வெச்சதில்ல."

ஸ்ரீதரின் வீடு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது அவன் அக்கா கோமதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்று அவன் சொல்லியிருக்கிறான். "வாங்கோ, புஷ்பாதானே? ஃபோட்டோல பாத்திருக்கேன். அவன் ஆத்துல இல்லையே," என்றாள். உள்ளே எங்கேயோ மின்விசிறி ஓடுகிற சத்தம். என் கண் அந்தப் பக்கம் போனதைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். "இருக்கான். பொய் சொல்லச் சொன்னான், எனக்கு வரல. மூணு வாரமா யார்ட்டயும் பேசறதில்ல. நாளைக்குக் காலம்பற டிஃபனுக்குத் தெருக்கோடி மெஸ்ஸுக்கு அனுப்பறேன். அங்க பிடிச்சுக்கோங்கோ." எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவை உதைத்திருப்பேன். அக்கா கொடுத்த காபி மட்டும் இல்லையென்றால் உதைத்தே இருப்பேன். எங்கள் ஊர்க் கடைகளில் டின் பாலை ஊற்றிக் கலக்கித் தருவதற்கும் காபி என்றுதான் பெயர். இது வேறு ஜாதி.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மெஸ்ஸில் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். தாடி விட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். பொங்கல் வந்துவிட்டது, அதனால் உட்கார்ந்தான். மயிலாப்பூரில் பொங்கலை விட்டுவிட்டு யாரும் எழுந்து போவதில்லை போலிருக்கிறது.

பையைத் திறந்தேன். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"படத்தைக் காட்டாதே புஷ்பா. நம்பர் முதல்ல, படம் அப்புறம். அதானே சொல்லிக் குடுத்தா?"

அதுதான் சொல்லிக் கொடுத்தார்கள். விமானி தரையிறங்கியதும் எஞ்சின் ஆறுவதற்கு முன்னால் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோடுகளைப் பார்த்துவிட்டு மாற்றக் கூடாது. விமானம் செய்தவர் முகத்தைப் பார்த்தும் மாற்றக் கூடாது. ஒரு தரம் மாற்றியவனை அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள்.

"பாயு விழுந்துட்டான்னு இப்ப நான் ஏழுன்னு மாத்தினா, அது டெஸ்ட் இல்ல, பரிதாபம். எனக்கு அந்த ஃபிளைட் நன்னாத்தான் இருந்தது. கஷ்டமே தெரியல. தெரியாததை எப்படி எழுதறது?"

"அவன் காலம் பூரா நொண்டிக்கிட்டே, நாந்தான் தப்புப் பண்ணேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கணுமா?" என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார். பரிமாறுகிறவர், "மேடம், கொஞ்சம் மெதுவா," என்று சட்னியை வைத்துவிட்டுப் போனார்.

ஸ்ரீதர் என்னை நேராகப் பார்த்தான். "பின்னாடி உக்காந்திண்டிருந்தது நீ. உன் ஸ்கிரீன்ல என் கை தெரிஞ்சிண்டே இருந்திருக்கும். அப்பவே ஏன் கேக்கல?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைத்தான் மூன்று வாரமாக ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

விமானி எண் சொன்னதும் பொறியாளர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என்ன செய்யப் பார்த்தாய்? அது நடந்ததா? நடக்க வைக்க உன் கை என்ன பாடுபட்டது? ஏனென்றால் எங்கள் வகுப்பில் பெரிய இடைஞ்சலே நல்ல விமானிகள்தான். மோசமான விமானத்தைக்கூட அவர்கள் கை தானாகவே சரிக்கட்டிவிடும், மனசுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத வேலையை வாயால் கக்க வைப்பதற்குத்தான் பின் இருக்கையில் ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அதுதான் கடைசிப் பறப்பு. குளிரில் என் விரல் மரத்திருந்தது. உணவகம் மூடிவிடுவார்கள் என்று பசி வேறு. அவன் "மூன்று" என்றான், நான் "மூன்று" என்று எழுதினேன். இரண்டு கேள்வி கேட்டேன். மூன்றாவதைக் கேட்கவில்லை.

அவன் எழுந்து கை கழுவப் போனான். திரும்பி வரவில்லை.

அன்று மாலை சாந்தோம் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீன் வாசனை எங்கள் ஊர் வாசனைதான், பேச்சுத்தான் வேறு. சுண்டலை வாங்கி வைத்துக்கொண்டு பாயுவைக் கூப்பிட்டேன். இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். "புஷ்பா, நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான் போலிருக்கிறது. ஸ்ரீதர் இறக்கின விமானத்தை என்னால் இறக்க முடியவில்லை, அவ்வளவுதான்," என்றான். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. சுண்டலைக் காக்காய்க்குப் போட்டேன்.

புதன்கிழமை காலை கோமதி அக்கா கூப்பிட்டாள். "உங்க அம்மாக்கு ஒரு புடவை வாங்கித் தராம அனுப்ப மாட்டேன். ஸ்ரீதரை தி. நகருக்கு அனுப்பறேன், கூட்டிண்டு போங்கோ. மாட்டேன்னான், ஒரு பார்வை பாத்தேன்." கணக்கு வாத்தியார் பார்வை வேலை செய்திருக்கிறது. வாசலில் வந்து நின்றான்.

தேசிங்குவுக்கு ஃபோன் செய்திருந்தேன். வண்டி வந்தது, ஓட்டி வந்தது வேறு ஆள். முப்பது வயது. "நான் ஏய்மல மேடம், மாமாவுக்குத் தோளு ரொம்ப வலி, ஆஸ்பத்திரில கீறாரு. என்னிய அனுப்ச்சாரு," என்றான். ஏழுமலை, தேசிங்குவின் மச்சான். சொந்தமாகவே ஆட்டோ ஓட்டுகிறவன், அவனுடைய வண்டி தகுதிச் சான்றுக்காக எஃப்சிக்குப் போயிருந்ததாம்.

ஆழ்வார்பேட்டை தாண்டும் வரை ஏழுமலை தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். பனகல் பூங்காவுக்குச் சற்று முன்னால் சாலையைத் தோண்டி, இடது பக்கம் முழுக்கத் தகரத் தடுப்பு. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. ஏழுமலை ஒரு கையால் கண்ணாடியைச் சரிசெய்தான். ஒரே கணம்தான். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அவன் பதறி வலது பக்கம் ஒடித்தான், அதிகமாகிவிட்டது. திரும்ப இடது, திரும்ப வலது. "ஐயோ!" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. மூன்றாவது ஆட்டத்தில் தகரத்தில் உரசி, நெருப்புப் பொறி பறக்க நின்றது. பேருந்து எங்கள் வலது பக்கத்தை ஒட்டிக்கொண்டு போனது. ஏழுமலையின் முழங்கையில் ரத்தம். எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஸ்ரீதரின் முகம் வெளுத்திருந்தது. அந்த ஆட்டத்தை அவன் ஏற்கெனவே ஒரு தரம் ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

கூட்டம் சேர்ந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, வண்டியைப் பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தேசிங்கு யாரோ ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினார். மச்சானின் முழங்கையைப் பார்க்கவே இல்லை.

"கய்தே! ஓட்டத் தெரியாதுன்னா சொல்லணும். நாலு வருசம் ஓட்றேன், ஒரு கீறல் கீதா? பட்டு மாரி வண்டிடா அது. உன் கைதான் சரியில்ல!"

"மாமா, வண்டி லெஃப்ட்ல இஸ்க்குது மாமா. சத்தியமா."

"எனக்கு இஸ்க்கலியே? உனக்கு மட்டும் இஸ்க்குதா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். "என் கைதான் போல," என்றான். ஸ்ரீதரைப் பார்த்தேன். அவன் தேசிங்குவின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, தோள் வலி எவ்வளவு நாளா?" என்று கேட்டான்.

"அது கீது சார், ஒரு வருசமா. ஒரே பக்கமா பட்த்துக்கினு தூங்கறேன்ல, அதான்."

"கொஞ்சம் வண்டிய எடுங்கோ. ஆள் இல்லாத இந்தத் தெருல, நடக்கற வேகத்துல. நான் சொல்றப்ப ரெண்டு கையையும் லேசா விடணும். பிடிச்சுக்க நான் பக்கத்துலயே இருக்கேன்."

தேசிங்கு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் எடுத்தார். ஸ்ரீதர் ஓட்டுநர் இருக்கை ஓரத்தில் தொற்றிக்கொண்டான். "விடுங்கோ." வண்டி யாரோ பிடித்து இழுத்த மாதிரி இடது பக்கம் திரும்பி, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை நோக்கிப் போனது. ஸ்ரீதர் பிடியைப் பிடித்து நிறுத்தினான்.

"அட, இன்னாடா இது!" என்றார் தேசிங்கு.

சோதனைக்காரன் என்றால் அதோடு நிறுத்தக் கூடாது. ஸ்ரீதர் மெக்கானிக்கிடம் போனான். "இப்ப தகரத்துல இடிச்சதுல வளைஞ்சிருக்குமோ?" மெக்கானிக் குனிந்து பார்த்து முன் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். டயர் ஒரே பக்கம் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. "இது இன்னிக்குத் தேஞ்சதா சார்? சக்கரத்தப் புட்ச்சிக்கிற ஃபோர்க்கு வளைஞ்சி மாசக்கணக்காவுது. எப்பவோ பள்ளத்துல எறக்கிக்கிறாரு. இவரு இஸ்துப் புட்ச்சிக்கினே ஓட்டிக்கிறாரு, அவ்ளோதான்."

தேசிங்கு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மச்சானிடம் போய், தன் கழுத்துத் துண்டால் அவன் முழங்கையைக் கட்டினார்.

கடை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. ஸ்ரீதர் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. பறப்பதற்கு முந்தின நாள் எங்கள் விமானிகள் எல்லாரும் இதைச் செய்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, முழங்கால் நடுவில் இல்லாத பிடியைப் பிடித்துக்கொண்டு, பறப்பு முழுவதையும் மனசுக்குள் ஓட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும்.

"கேளு," என்றான். "அன்னிக்குக் கேக்காததைக் கேளு."

ஸ்பானர் சத்தத்துக்கு நடுவில், தெருவில் நின்றுகொண்டு, பறப்பில் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தேன். உயரம் சொன்னேன். வேகம் சொன்னேன். ஓடுபாதை இடது பக்கம் இருக்கிறது, நேராக்கு என்றேன். அவன் கண் மூடியிருந்தது. "என்ன செய்யப் பார்க்கிறாய்?" ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு வருகிறேன் என்றான். "நடக்கிறதா?" நடக்கிறது என்றான். "உன் கை என்ன செய்கிறது?"

அவன் வலது கை முழங்காலுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. முன்னால், பின்னால், முன்னால், சின்னச் சின்னதாக, விடாமல். அவன் கண்ணைத் திறந்து தன் கையைக் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகும் அது உடனே நிற்கவில்லை.

"ஏழு," என்றான். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

தேசிங்கு எங்கிருந்தோ டீ வாங்கி வந்து அவன் பக்கத்தில் வைத்தார். "அய்வாத சார். வண்டிதான, சரி பண்ணிக்கலாம்," என்றார்.

வியாழக்கிழமை காலை கோமதி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஸ்ரீதர் எழுதினான். கோடுகளை அப்போதும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான். மூன்று என்ற எண்ணை அடிக்கவும் இல்லை. "அன்னிக்கு எழுதினது அன்னிக்கு எழுதினதுதான்." அதற்குக் கீழே, தன் கை செய்த வேலையைத் தான் கணக்கில் எடுக்கவில்லை என்றும், அதைச் சேர்த்தால் இந்த விமானம் ஏழு என்றும், இன்னொரு விமானிக்கு இதைக் கொடுத்திருக்கக் கூடாது என்றும் எழுதினான். கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினான். கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தான். எதற்கென்று அவன் சொல்லவில்லை.

மனசு பேரம் பேசியது. பாயுவைக் காப்பாற்ற இதுவே போதும், நீ ஏன் உன் கழுத்தை நீட்டுகிறாய் என்றது. அக்கா தட்டில் தோசையைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். பேனாவை எடுத்தேன். 'மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. பசியாக இருந்தது.' எழுதி முடித்ததும் தோசையைச் சாப்பிட்டேன். மூன்று வாரத்தில் அன்றுதான் சாப்பாடு ருசித்தது.

வெள்ளிக்கிழமை விசாரணையில் பாயுவின் மேல் பழி விழவில்லை. கால் கூடியதும் அவன் திரும்பப் பறக்கலாம். என்னை அந்த வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த வருஷம் முதல் வாரத்திலிருந்து வரச் சொன்னார்கள். தள்ளுவண்டியிலிருந்து.

பத்து நாள் கழித்துத் தேசிங்குவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஹாரன் சத்தம். "மேடம், ஃபோர்க்கு மாத்திட்டேன். டயரும் புச்சு. வண்டி கோடு போட்ட மாரி நேராப் போவுது. ஆனா இந்தக் கை கீது பாரு, அது இன்னும் ரைட்டுலயே இஸ்துக்கினு கீது. எதிர்ல வர வண்டி மேல ஏறப் பாக்குது. இது எப்ப மேடம் நிக்கும்?"

அந்தப் பதிவை அப்படியே ஸ்ரீதருக்கு அனுப்பினேன். ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"எனக்கும்."